சீமெந்துத் தரையில் பதினாறு அடி

"உம்மடை இங்கிலீஷ் சோதினை பாஸ் பண்ணக் காணும். வேலை செய்யக் காணுமோ எண்டு இனித்தான் பாக்கவேணும்."

செயற்கைக் கால் பொருத்தும் நிலையத்தில் நான் சேர்ந்த முதல் நாள், பொறுப்பாளர் என் சான்றிதழ்களைப் புரட்டியபடி, முகத்தை நிமிர்த்தாமல் சொன்னது இது. எனக்குச் சுட்டது. அப்பா கைநாட்டு வைக்கிறவர். அம்மா வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். கால் நிலையத்தில் வேலை என்று தெரிந்த அன்றே, நடப்பதற்கு இங்கிலீஷில் உள்ள சொற்களையெல்லாம் அகராதி பார்த்துக் கொப்பியில் எழுதிப் பாடமாக்கியிருந்தேன். ஆறுதலாக உலாத்துவது ஸ்ட்ரோல். நொண்டுவது லிம்ப். ஒற்றைக் காலில் கெந்துவது ஹொப். காலைத் தூக்காமல் தேய்த்து இழுப்பது ஷஃபிள். களைத்துப்போன உடம்போடு பாரமாக அடிவைப்பது ட்ரட்ஜ். இதெல்லாவற்றுக்கும் தாய் போல வோக். ஆனால் அந்தச் சொல் எங்கள் ஊரில் வேறு வேலைக்குப் போய்விட்டது. டொக்டர் சொன்னபடி சீனி வருத்தக்காரர்கள் விடியக் கன்வஸ் சப்பாத்து மாட்டிக்கொண்டு போவதைத்தான் இங்கே 'வோக் போறது' என்பார்கள். அதைக் கொப்பியின் ஓரத்தில் நானே குறித்துச் சிரித்துக்கொண்டேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

வருகிறவர்கள் தமிழில் சொல்வதைக் கேட்டு இங்கிலீஷ் படிவத்தில் எழுதுவது என் வேலை. படிவம் கடல் கடந்து போகும். யாருக்குப் புதுக் கால் என்பதை அங்கே இருக்கிறவர்கள் அதைப் படித்துத்தான் தீர்மானிப்பார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர், நான் அக்கா என்று கூப்பிட்டவர், பண்டத்தரிப்புப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். என் அம்மாவைப் போலத் தோட்டக் கூலி. மீளக் குடியேறிய வருடம் வேலியோரம் விறகு பொறுக்கும்போது மிதிவெடியில் இடது கால் போனது. பிறகு கிடைத்த செயற்கைக் காலும் இப்போது உடம்போடு பொருந்தும் வாய்ப்பக்கம் வெடித்து, சைக்கிள் ரியூப் துண்டால் வரிந்து கட்டியபடி இருந்தது. போன நடுகையில் அவர் நடக்க முடியாமல் பாத்தியின் நடுவில் குந்தி இருந்துவிட்டாராம். இந்தமுறையும் அப்படி இருந்தால் வேறு ஆளைக் கூப்பிடுவேன் என்று தோட்டக்காரர் சொல்லிவிட்டார். நடுகை தொடங்க அப்போது இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. இவ்வளவையும் அக்கா பதிவுக்கு வந்த முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தார். பிறகு நான் செய்த பிழையை, அறியாமல் செய்தது என்று சொல்ல வழியில்லை.

மதிப்பீட்டு நாளில் வெளிநாட்டிலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். நிலையத்தின் நடைகூடத்தில், சீமெந்துத் தரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் கீறியிருக்கும். இடையில் பதினாறு அடி. அதில் நடந்து காட்டவேண்டும். காலைக் கழற்றிப் பார்ப்பது, அளவெடுப்பது எல்லாம் தெரிவான பிறகுதான். அக்கா அன்றைக்குக் கோயிலுக்குப் போகிறவர் மாதிரி வந்தார். கசங்காத சேலை, நெற்றியில் திருநீறு, தலையில் பூ. ரியூப் துண்டை அவிழ்த்துவிட்டு, தோய்த்த வெள்ளைச் சீலைத்துண்டால் காலைக் கட்டியிருந்தார். கோட்டில் நின்று ஒருமுறை மூச்சை இழுத்தார். பிறகு நடந்தார். தோள் சரியவில்லை, இடுப்பு விழவில்லை. முகத்தில் சிரிப்புக்கூட இருந்தது. மேலுதட்டில் பூத்த வியர்வையும், சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போனதும் பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தெரிந்தன.

வீட்டிலும் வேலையிலும் எப்படி நடப்பார் என்று அந்தப் பெண்மணி கேட்டார். நான் அக்காவிடம் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, "நல்லா நடப்பன் எண்டு சொல்லும் பிள்ளை. வந்த ஆக்களுக்கு முன்னாலை நொண்டிக் காட்டேலாது" என்றார்.

எங்கள் ஆட்கள் அப்படித்தான். வெளியார் வீட்டுக்கு வந்தால் கால் உடைந்த கதிரையை ஒளித்து வைப்போம். பசியோடு போனாலும் சாப்பிட்டாச்சு என்போம். என்னை வளர்த்ததும் அந்த ரோசம்தான். அக்கா நிமிர்ந்து நடந்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. கொப்பியில் இருந்த சொற்களில் ஒன்றுகூட எனக்குத் தேவைப்படவில்லை. 'வோக்ஸ் வெல்' என்று எழுதினேன். இரண்டே சொல்.

மூன்று வாரத்தில் பட்டியல் வந்தது. அக்காவின் பெயருக்கு நேரே, நன்றாக நடக்கிறார், புதுக் கால் அவசியமில்லை என்று இருந்தது. நான் வாசித்துச் சொன்னதும் "அப்ப சரி பிள்ளை" என்றார். அப்போதும் நிமிர்ந்துதான் வெளியே போனார். படலையைத் தாண்டி, யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்த இடத்தில், மதிலைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றதை ஜன்னலால் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொப்பியை எடுத்துக்கொண்டு அவர் வேலை செய்யும் தோட்டத்துக்குப் போனேன். அக்கா விதை வெங்காயம் நிறைந்த ஓலைக் கடகத்தைத் தலையில் வைத்து, கொட்டிலுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். பாத்திகளுக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். செம்மண்ணில் செயற்கைப் பாதம் புதைந்து வர மறுத்தது. ஒவ்வொரு அடிக்கும் அதைத் தொடையால் பிடுங்கி எடுத்தார். வரம்பில் நொண்டினார். வாய்க்காலைக் கெந்திக் கடந்தார். என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"உம்மை ஆர் இஞ்சை வரச்சொன்னது?"

திருத்தி எழுத வந்தேன் என்றேன்.

"என்னத்தைத் திருத்தப்போறீர்? நான் பிச்சைக்காறி எண்டோ?"

வேலையாட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "அக்கா, நான் எழுதினது பொய். உங்களுக்காக எண்டு நினைச்சன். இல்லை, என்ரை ரோசத்துக்காகத்தான் எழுதினன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் கடகத்தை இறக்கவில்லை. கொட்டில்வரை கொண்டுபோய் வைத்துவிட்டு, தேய்த்துத் தேய்த்துத் திரும்பி வந்தார். வந்து வரம்பில் குந்தி, காலைக் கழற்றினார். வெள்ளைச் சீலைத்துண்டு சிவந்திருந்தது. அது செம்மண் நிறமல்ல.

"எழுதிறதெண்டால் முழுக்க எழுதும். நொண்டுறன் எண்டும் எழுதும். கடகத்தை ஒருநாளும் கீழை போடேல்லை எண்டும் எழுதும்."

எழுதினேன். காலையில் சுவரைப் பிடித்துக் கெந்துவது, ஒழுங்கையில் நொண்டுவது, சேற்றில் பாரத்தோடு பிடுங்கிப் பிடுங்கி நடப்பது, பின்னேரம் தேய்த்து இழுத்து வீடு போவது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் சொல்லைப் போட்டேன். கடகத்தையும் எழுதினேன்.

பொறுப்பாளர் வாசித்தார். இந்தமுறை என் முகத்தைப் பார்த்தார். முடிந்த பட்டியலைத் திறக்க வேண்டுமென்றால் முதல் அறிக்கை பிழை, பிழை என்னுடையது என்று நான் கையெழுத்திட வேண்டும் என்றார். "உம்மை நிரந்தரமாக்கிற நேரம் இந்தக் கடிதம் பைலிலை கிடக்கும். யோசிச்சுச் செய்யும்." நான் யோசித்தேன். அப்பா விரலில் மை தொட்டு வைக்கும் இடத்தில் நான் பேனாவால் எழுதப் படித்தது, நல்ல செய்திகளின் கீழ் மட்டும் பெயர் போடுவதற்கா? முழுப் பெயரையும் எழுதினேன்.

பதில் போன கிழமை வந்தது. அதே பெண்மணி நடுகை தொடங்கும் நாளில் மீண்டும் வருகிறார். கூடத்தில் அல்ல, அக்கா வேலை செய்யும் இடத்திலேயே பார்க்கவேண்டுமாம். கால் கிடைக்கும் என்று எங்கும் சொல்லவில்லை. நான் செய்தி சொன்னதும் அக்கா எந்தச் சேலை கட்டுவது என்று கேட்டார். தோட்டத்துக்குக் கட்டுகிறதை என்றேன். "நான் தனிய நடக்கேக்கை எல்லாருமாப் பாத்துக்கொண்டு நிப்பினம்" என்றார். அவர் உதவி என்று ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை. கூட வாரும் என்று அன்றைக்கும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

என் அறிக்கை பிழையாகப் போனதால் அன்றைக்கு மொழிபெயர்க்க வேறொருவரை அனுப்புவதாகப் பொறுப்பாளர் சொன்னார். நியாயம்தான். அந்த நாளுக்கு லீவுக் கடிதத்தை நேற்றே கொடுத்துவிட்டேன். தோட்டக்காரரிடமும் பேசி, என் பெயரைக் கூலியாட்களோடு சேர்த்தாயிற்று. லீவுக்கான காரணம் கேட்ட இடத்தில், வெங்காய நடுகை என்று எழுதியிருக்கிறேன்.