பொறுக்கா திறக்காத படம்

"மதிப்புமிக்க வாடிக்கையாளரே," என்று பொறுக்கா கணினித் திரையைப் பார்த்து உரக்கப் படிக்கிறாள். "உங்கள் பார்சல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. இணைப்பை உடனே திறக்கவும்." மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். "ஏம்ப்பா, என் பேரே உனக்குத் தெரியல. பார்சல் மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" அத்தோடு மின்னஞ்சல் குப்பைக்குப் போகிறது.

விலங்கு மருத்துவமனையின் முன்மேசை அவளுடையது. எதிர் பெஞ்சில் காதைச் சொறியும் நாய், கூடைக்குள் உறுமும் பூனை, அவற்றைக் கொண்டுவந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படிதான் படிப்பாள். வாய்விட்டுப் படித்தால் பொய் பல்லிளித்துவிடும் என்பது அவள் கட்சி. எதற்கும் முதலில் "பொறு" என்பாள். அதனால் எல்லோருக்கும் 'பொறு அக்கா' ஆகி, பிறகு சுருங்கிப் பொறுக்கா ஆகிவிட்டாள்.

ஆய்வக அறிக்கை என்று கோப்பு வந்தால், அனுப்பியவரின் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்ப்பாள். எந்த நாய்க்கு, எந்தப் பூனைக்கு என்று அதில் இல்லையா, உடனே ஆய்வகத்துக்குப் போன். அதுவும் மின்னஞ்சலில் கொடுத்திருக்கும் எண்ணுக்கு அல்ல, எப்போதும் பேசும் எண்ணுக்கு. "திருடன்கிட்டயே போய் நீ திருடனான்னு கேட்டா, ஆமாம்மான்னா சொல்வான்?"

ஒருநாள் அவளே ஏமாறப் பார்த்தாள். தங்கையின் முகவரியிலிருந்தே ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது: "குடும்பப் படங்கள். அவசியம் பாருங்கள்." தங்கை கடல் கடந்த ஊரில் நிறைமாதக் கர்ப்பிணி. பிள்ளை பிறந்துவிட்டது என்றே பொறுக்கா நினைத்தாள். விரல் தானாகக் கோப்பின் மேல் போய் நின்றது. ஆனால் வாய் பழக்கத்தை விடவில்லை.

"பாருங்கள்... பாருங்களா? இவ என்னை எப்போ வாங்க போங்கன்னு கூப்பிட்டிருக்கா?"

தங்கைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் தங்கை எடுத்தாள்.

"என்னடி, தூங்க விடமாட்டியா?"

"பாப்பா பொறந்துடுச்சா?"

"பொறந்தா உனக்குச் சொல்லாம இருப்பேனா? உள்ளேயே உதைச்சுக்கிட்டிருக்கு."

"அப்போ படம் யாருடி அனுப்புனது?"

தங்கை எதுவுமே அனுப்பவில்லை. யாரோ அவள் மின்னஞ்சலுக்குள் புகுந்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கோப்பை அனுப்பியிருந்தார்கள். ஆசை ஆசையாகத் திறந்த சித்தப்பாவின் கணினி அப்போதே முடங்கிக் கிடந்தது. பொறுக்கா போனை வைக்காமலே தங்கையைக் கடவுச்சொல்லை மாற்றவைத்தாள். பிறகு சொந்தபந்தம் முழுக்கப் போன் போட்டாள். "அதைத் திறக்காதீங்க. பிள்ளை இன்னும் பொறக்கல!" பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்ததில் நாய் குரைக்கத் தொடங்கியது.

சில வாரம் கழித்து இன்னொரு கோப்பு வந்தது. "ஏய் பூசணி, இதுக்கும் உன் மூக்குதான்டி!" முகவரி சரி, பேச்சும் சரி. ஆனாலும் போனை எடுத்தாள்.

"பொறு, நீதானே அனுப்புன?"

தங்கை பதில் சொல்வதற்குள் மறுமுனையில் ஒரு பிஞ்சுக்குரல் வீறிட்டது.

பொறுக்கா கோப்பைத் திறந்தாள். உள்ளேயிருந்து மருத்துவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் காதில் விழவில்லை. கணினித் திரையை இரண்டு கையாலும் பிடித்து, பெஞ்சில் இருந்தவர்கள் பக்கமாக முழுசாகத் திருப்பிவைத்தாள்.