பாடகி படமும் என் இடது கால் செருப்பும்

இன்று திருத்தணி தியேட்டரில், பிரபலமான ஒரு பாடகியின் வாழ்க்கைப் படம் பார்த்தேன்.

இடைவேளைக்குப் பிறகு பாடகி முருகன் பாட்டு ஒன்றை ஆரம்பித்தார். பக்கத்து சீட் அக்கா என்னை முறைத்தார்.

“இன்னாம்மா, சாமி பாட்டு ஓடிகினு இருக்குது. செருப்போட உக்காந்துகினு இருக்கறியே?”

பார்த்தால் வரிசை முழுக்க வெறுங்கால். நானும் கழற்றிவிட்டேன்.

பாட்டு முடிந்ததும் இருட்டில் ஆளாளுக்குக் காலால் துழாவினோம். எனக்கு வலது கால் செருப்பு மட்டும்தான் கிடைத்தது. சீட்டுக்கு அடியில் குனிந்து தேடிவிட்டு நிமிர்ந்தால், திரையில் பாடகியின் போட்டோவுக்கு மாலை!

“ஐயோ, எப்படிக்கா செத்தாங்க?”

“நானும் செருப்புதாம்மா தேடிகினு இருந்தேன்.”

என் நீல நிற இடது கால் செருப்பை மாட்டிக்கொண்டு நிம்மதியாகப் படம் பார்த்தவரே, செருப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்தம்மா எப்படிச் செத்தார் என்று மட்டும் கமெண்டில் சொல்லிவிடுங்கள்.