பதினாலு வயசில் பதினெட்டு

இன்டர்வியூவில் எனக்கு வேலை கிடைத்தது. அதே மேஜையில், கொடுத்த டீ ஆறுவதற்குள் அந்த வேலை போனது. இப்படி ஒன்று நடக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் "போய்ப் பொழப்பப் பாரு" என்று துரத்தியிருப்பேன். 

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அஞ்சாங்கிளாஸ். அதிலும் கடைசி மூன்று மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. பள்ளிக்கரணையில் சதுப்பு நிலத்தைப் பார்த்த மாதிரி ஆறு பிளாக் அபார்ட்மென்ட் ஒன்று இருக்கிறது. அங்கே மாப்பும் பக்கெட்டுமாகப் போனவள் நான். எட்டாவது வருஷம் என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். மொத்தம் இருபது வருஷம் அங்கே. பதினாறு பெண்கள் எனக்குக் கீழே. எந்த வீட்டுக் குழாய்க்கு எந்த வால்வு, மழை பெய்தால் எந்த லிஃப்ட் முனகும், எந்த வீட்டு நாய் செருப்பைத் தூக்கும், எல்லாம் எனக்கு மனப்பாடம். மழைத் தண்ணி கார் நிறுத்துமிடத்தில் இடுப்பளவு நின்ற வருஷம், மோட்டார் ரூமை மணல் மூட்டை போட்டுக் காப்பாற்றியது நான்தான். குடியிருக்கிறவர்களில் பாதிப் பேர் என்ஜினியர்கள். ஆனால் குளிக்கும்போது தண்ணி நின்றால் சோப்புக் கையோடு அவர்கள் போன் போடுவது எனக்கு.

அந்த இடத்தில் கான்ட்ராக்ட் கை மாறியது. புதுக் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் மறுபடி விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்றார்கள். பெருக்குகிற பெண்களுக்கு ஆதார் நகல் போதுமாம். சூப்பர்வைசருக்கு மட்டும் ரெஸ்யூம், ஒரிஜினல் பேப்பர்கள், இன்டர்வியூ.

அசோசியேஷன் செக்ரட்டரியிடம் நேராகவே கேட்டேன். "நான் உக்காந்துகினு கீற சேருக்கு நானே மனு போடணுமா சார்?"

"சும்மா ஃபார்மாலிட்டிமா. உங்கள விட்டா இங்க யாரு?" என்றார். அது எனக்கும் தெரிந்ததுதான்.

கிழக்குத் தாம்பரத்தில் என் வீட்டுத் தெருமுனையில் ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்காரருக்கு நாற்பது வயசிருக்கும். கம்ப்யூட்டரில் யாருடைய ரெஸ்யூமையோ திறந்து, அந்தப் பெயரை அழித்துவிட்டு என் பெயரை அடித்தார்.

"அக்கா, அப்ஜெக்டிவ் இன்னா போடட்டும்?"

"அப்டின்னா?"

"வேலைக்கு எதுக்கு வர்றீங்கன்னு."

"வேல செய்யத்தான். வேடிக்க பாக்கவா வர்றாங்க?"

"அத அப்டியே போட முடியாதுக்கா. எல்லாருக்கும் போடறது ஒண்ணு கீது, அதையே போட்டுடறேன்."

"எல்லாருக்கும் போடறது எனக்கு எதுக்கு? தண்ணி நின்னா அஞ்சு நிமிஷத்துல வர வெப்பேன்னு போடு."

அவர் சிரித்துக்கொண்டே அதையும் இங்கிலீஷில் ஏதோ மாற்றி அடித்தார். பிறகு கேட்டார், "பொறந்த தேதி?"

"ஆதார் உன் கைலதான கீது. பாத்துப் போடு."

மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொன்னேன். அடித்த தாளையும் வாங்கி ஒரு தடவை பார்த்தேன். இங்கிலீஷ் தெரியாது என்றாலும் எண்கள் எனக்கு நன்றாகவே படிக்க வரும். ஆனால் அந்த வரியில் என் கண் நிற்கவில்லை. கடைசியில் மேலே உள்ளதெல்லாம் உண்மை என்று ஒரு வரி இருக்கிறதாம். அதன் கீழே தமிழில், கோணல் இல்லாமல், கையெழுத்துப் போட்டேன்.

ஃபைல் ஒன்று வாங்கினேன். என்னிடம் இருக்கிற பேப்பர் எல்லாவற்றையும் வரிசையாகச் செருகினேன். எல்லாவற்றுக்கும் முன்னால், லேமினேட் செய்து வைத்திருந்த என் முதல் வேலையின் டாக்டர் கடிதம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இன்டர்வியூ எங்கள் அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில். அந்தத் தரையை நான் எத்தனையோ தடவை துடைக்க வைத்திருக்கிறேன், எனக்கு என்ன பயம்? புதுக் கம்பெனி மேனேஜர் ஒருவர், பக்கத்தில் லேப்டாப்போடு ஹெச்.ஆர். பெண் ஒருத்தி. எனக்கு முன்னால் உள்ளே போன டிகிரி படித்த ஆள் பத்து நிமிஷத்தில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ரெண்டு பேர் லீவு. லிஃப்ட்ல ஒரு குழந்த வாந்தி எடுத்திருக்கு. அதே நேரம் பி பிளாக்ல தண்ணி வரல. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார் மேனேஜர்.

"நடக்காதது மாதிரி கேக்கறீங்களே சார். போன மாசம் செவ்வாக்கிழம இதே கத. லிஃப்ட நிறுத்தி போர்டு மாட்டினேன். வாந்தி மேல நியூஸ் பேப்பர் போட்டு வாரச் சொன்னேன். நேரா பினாயில் ஊத்துனா நாத்தம் ரெண்டா ஆயிடும். அவங்க வாரி முடிக்கறதுக்குள்ள நான் மாடிக்குப் போயி வால்வு தொறந்துட்டு வந்துட்டேன்."

"குடியிருக்கறவங்க திட்டினா?"

"திட்டி முடிக்கற வரைக்கும் கேப்பேன். முடிச்சதும், 'குழாயத் தொறந்து பாருங்க சார்'னுவேன். அதுக்குள்ள தண்ணி வந்திருக்கும்."

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். செய்வேன், செய்வேன் என்று சொல்கிறவனை எவனும் நம்பமாட்டான். செய்ததைச் சொல்ல வேண்டும், கிழமையோடு சொல்ல வேண்டும். எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

"நீங்கதான்மா எங்க சூப்பர்வைசர்" என்று டீ வரவழைத்தார். "இன்னும் எத்தன வருஷம் இருப்பீங்க?"

"நாலு வருஷம் கண்ண மூடிகினு ஓடுவேன் சார். அறுவது வந்தா நானே சாவிய வெச்சிட்டுப் போயிடறேன்."

டீயைக் கையில் எடுத்தேன். ஹெச்.ஆர். பெண் என் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"சார், ஒரு நிமிஷம். ஆன்ட்டி, உங்க டேட் ஆஃப் பர்த் இதுதானா?"

"ஆமா, ஆதார்ல கீறதுதான்."

"அப்போ போன மாசமே அறுபது முடிஞ்சிடுச்சே."

"யாருக்கு?" என்று கேட்டேன்.

உண்மையாகவே கேட்டேன். எனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பியும் பார்த்தேன். அங்கே தண்ணீர் கேன்தான் இருந்தது.

"எனக்கு அம்பத்தாறுமா."

"இல்ல ஆன்ட்டி. ஆதார், பான், ஓட்டர் ஐடி, எல்லாத்துலயும் அறுபதுதான். அறுபது முடிஞ்சவங்கள எங்க கம்பெனில எடுக்க முடியாது." அவள் ஃபைலின் முதல் தாளைத் தூக்கிக் காட்டினாள். "இந்த டாக்டர் லெட்டர்லயும் கரெக்டா அதே வருஷம்தான் வருது."

டீ என் புடவையில் கொட்டியது. சூடு தெரியவில்லை.

அந்தக் கடிதத்தின் கதை இதுதான். எங்கள் வீடு திருநீர்மலை அடிவாரத்தில். அப்பா கல் உடைக்கிற வேலை. அவர் கால் நசுங்கிப் படுத்தபோது எனக்குப் பதினாலு வயசு. குரோம்பேட்டையில் ஒரு தையல் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். பதினெட்டு ஆகியிருக்க வேண்டும், டாக்டரிடம் வயசுக்குக் கடிதம் வாங்கி வர வேண்டும் என்றார்கள். அம்மா எனக்கு அக்காவின் புடவையைக் கட்டிவிட்டாள், கொண்டை போட்டாள். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார், முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பதினெட்டு என்று எழுதிக் கொடுத்தார். கம்பெனியில் "எந்த வருஷம் பொறந்த?" என்று கேட்டார்கள். வழியெல்லாம் அம்மா சொல்லிக் கொடுத்திருந்த வருஷத்தை மூச்சு விடாமல் சொன்னேன். என் முதல் இன்டர்வியூ அது. அன்றைக்கே வேலை.

அந்தக் கடிதத்தைப் பார்த்துக் கம்பெனி அட்டை வந்தது. அட்டையைப் பார்த்து ரேஷன் கார்டில் எழுதினார்கள். ரேஷன் கார்டைப் பார்த்து ஓட்டர் கார்டு. அதைப் பார்த்து ஆதார். ஒரு பேப்பரைப் பார்த்து அடுத்த பேப்பர் என்று போய்க்கொண்டே இருந்தது, யாரும் என்னைப் பார்க்கவில்லை. எனக்கும் அது மறந்துவிட்டது. மறந்தது என்றால் கதை மறக்கவில்லை. என் பதினாறு பெண்களிடமும் அந்தக் கதையை எத்தனை தடவை பெருமையாக அளந்திருக்கிறேன்! சாமர்த்தியம் என்றால் இது என்று சொல்லித்தானே அந்தக் கடிதத்தை லேமினேட் செய்தேன். அந்த நாலு வருஷம் இன்னும் என் பேப்பரில் உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டும் எனக்கு உறைக்கவே இல்லை.

மேனேஜர் நல்ல மனுஷன். "நெஜ வயசுக்கு வேற ஏதாவது ப்ரூஃப் இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வாங்கம்மா" என்றார்.

மறுநாளே திருநீர்மலைக்குப் போனேன். நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு, படிப்பை நிறுத்திய பிறகு ஒரு தடவைகூடப் போனதில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் பீரோவைத் திறந்து, பழைய சேர்க்கைப் பதிவேடுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டினார். ஒரு மணி நேரம் ஆனது. அப்பா பெயர், என் பெயர், தேதி. அம்பத்தாறுதான். "பள்ளிக்கூடத்துல சேக்கும்போது கைய தல மேல சுத்தி காதத் தொடச் சொல்லுவாங்க, தொட்டா அஞ்சு வயசுன்னு தேதியப் போட்டுடுவாங்க. உங்களுக்கு அப்படி இல்லம்மா. பிறப்புச் சீட்டப் பாத்து எழுதியிருக்காங்க" என்றார். சந்தோஷத்தில் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். முத்திரை போட்டு நகல் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை அதே மேஜை. மேனேஜர் நகலைப் படித்தார்.

"நான் நம்பறேன்மா. சிஸ்டம் நம்பாது. பி.எஃப்.ல ஆதார் தேதிதான் ஏறும். நீங்க ஆதார மாத்திட்டு வரணும். அதுக்கு மாசக்கணக்கா ஆகும். எங்களுக்கு ஒண்ணாந்தேதி ஆள் வேணும்."

ஹெச்.ஆர். பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்போ இந்த டாக்டர் லெட்டர் பொய்யா ஆன்ட்டி?"

"பொய்தாம்மா."

"ரெஸ்யூம்ல எல்லாம் உண்மைன்னு கையெழுத்து போட்டிருக்கீங்களே..."

அவள் என்னை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டாள். ஃபைலை வாங்கி, முன்னால் இருந்த அந்த லேமினேட் கடிதத்தை உருவிக் கடைசித் தாளுக்குப் பின்னால் செருகினேன். 

முப்பத்தொன்றாம் தேதி சாவிக்கொத்தைக் கொடுத்தேன். புதிதாக வந்தவளுக்கு முப்பது வயசிருக்கும். வால்வுகளைக் காட்டினேன். டி பிளாக் லிஃப்ட் மழையில் முனகும், பயப்படாதே என்றேன். "அதெல்லாம் செய்வேன் ஆன்ட்டி, செய்வேன்" என்றாள்.

பத்து நாள் வீட்டில் இருந்தேன். அதற்கு மேல் எனக்கு முடியாது. அஸ்தினாபுரத்தில் இருபத்து நாலு வீட்டு அபார்ட்மென்டில் ஆள் கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மறுபடியும் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

"பொறந்த தேதி அதானக்கா?"

"இல்ல, மாத்து" என்றேன். சொல்ல வாயெடுத்தால் பழைய தேதிதான் நாக்கில் வந்து நின்றது. என் பிறந்த தேதியை நான் பள்ளிக்கூடத்து நகலைப் பார்த்துப் படிக்க வேண்டியிருந்தது.

அஸ்தினாபுரத்தில் செக்ரட்டரி ஒரு அம்மா, ரிட்டயர்டு டீச்சர். ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் ஃபைலை நீட்டினேன். "அதெல்லாம் எதுக்கு?" என்று ஓரமாக வைத்துவிட்டார். பெயர், முன்னால் செய்த வேலை எல்லாம் கேட்டு எழுதினார்.

"வயசு?"

"அம்பத்தாறு" என்றேன். எடுத்த எடுப்பிலேயே உண்மை வயசைச் சொல்லி வேலை கேட்டது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "சும்மா சொல்லாதீங்க. பாத்தா அறுபதுக்கு மேல தெரியுது. வேலைக்காக நாலஞ்சு வயசக் கொறச்சுச் சொல்றீங்களா?"

கிளப் ஹவுஸில் டீயைக் கொட்டினேனே, அதைவிட இது பெரிய அடி. ஓரத்தில் கிடந்த ஃபைலைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்து நகல் அதில்தான் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. பதினாலு வயசிலிருந்து தையல் மெஷின், மாப்பு, படிக்கட்டு என்று ஓடிய உடம்பு இது. அந்த நாலு வருஷத்தை இதுவும் எங்கேயோ ஏற்றிக்கொண்டுவிட்டது போல.

"மாடி ஏறிக் காட்டட்டுமா?" என்றேன்.

மூன்று மாடி, நிற்காமல் ஏறினேன். மேலே தொட்டிப் பக்கம் ஒரு வால்வு சொட்டிக்கொண்டிருந்தது. கையாலேயே இறுக்கிவிட்டு இறங்கி வந்து, அதையும் சொன்னேன்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வந்துடுங்க" என்றார் அந்த அம்மா. பிறகு வயசு என்று எழுதிய இடத்தில் பேனாவைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருந்தார். எண் எதுவும் எழுதவில்லை. ஒரு சின்னக் கோடு போட்டு நோட்டை மூடினார்.