முட்டையடுப்பின் கரிக்கூடை

மொட்டைமாடியில் இருக்கும் அந்தப் பீங்கான் அடுப்பை எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது. பெரிய முட்டை மாதிரி இருக்கும். மாடிக்கு ஏற்ற நாலு ஆள் தேவைப்பட்டது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மகன், அவன் அப்பா ஓய்வு பெற்றதற்கு வாங்கி அனுப்பியது. ஆவடி தொழிற்சாலையில் முப்பது வருஷம் உலைக்கு முன்னால் நின்ற மனுஷனுக்கு வீட்டுக்கு வந்த பிறகும் ஓர் உலை! ஞாயிறு பூசை முடிந்ததும் என் வீட்டுக்காரர் மாடி ஏறிவிடுவார். பன்றிக்கறி சுடும் வாசனை கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெரு முழுக்க வீசும். அப்போதெல்லாம் நான் சோறு வடித்தால் போதும்.

பிறகு அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சையில் கட்டி போனது, கூடவே நாக்கின் ருசியும் போனது. எதைக் கொடுத்தாலும் “மண்ணு மாதிரி கீது” என்று தட்டைத் தள்ளிவிடுவார். மூன்று மாதமாகக் கஞ்சி, அதுவும் பாதி டம்ளர். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. வாயால் சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான், இந்த வாரம் பார்த்து முடிவு செய்வோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கெஞ்சிக் கெஞ்சி எனக்கு வாய் ஓய்ந்துபோனது. ராத்திரித் தூக்கம் என்பதே மறந்துபோயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவராகவே கேட்டார். “பன்னிக்கறி சுட்டுக் குடேன்.”

“யாரு பத்த வெக்கிறது? உன்னால குனிய முடியுமாய்யா?”

“நீதான். நான் சொல்றேன், நீ செய்யி.”

ஐயோ ஆண்டவரே என்றிருந்தது. இருந்தாலும் வாய்விட்டுக் கேட்டாரே! கடையில் கறியும் இஸ்திரி வண்டிக்காரரிடம் அரை மூட்டைக் கரியும் வாங்கிக்கொண்டு, அவரைப் படிக்குப் படி உட்காரவைத்து மாடி ஏற்றினேன்.

அடுப்புக்குள் கம்பியில் பின்னிய ஒரு கரிக்கூடை இருக்கும். நான் அரிசி டிரம் நிரப்பும் பழக்கத்தில் மூட்டையை அப்படியே கவிழ்த்து, குலுக்கி, தட்டி, இடைவெளி இல்லாமல் நிரப்பினேன்.

“பொடிச கீழ போட்டா ஓட்டை அடைச்சிக்கும்மே. காத்து போவ வழி உடு.” பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து கம்மிய குரலில் சொன்னார்.

“எல்லாம் எனக்குத் தெரியும், சும்மா இரு” என்று பற்றவைத்தேன். கொஞ்ச நேரம் புகைந்தது, அணைந்தது. மறுபடி பற்றவைத்தேன், மறுபடி அணைந்தது. அவர் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைதான் எனக்கு எரிச்சல். வேறு வழியில்லாமல் கூடையைத் தரையில் கொட்டினேன். அவர் விரல் காட்டக் காட்ட, பெரிய கட்டிகளை அடியில் ஒன்றுக்கொன்று இடம் விட்டு அடுக்கி, சின்னதை மேலே போட்டேன். நடுவில் ஒரே இடத்தில் நெருப்பு வைத்தேன். பிடித்துக்கொண்டது.

“மூடியில சூடு காட்டுற ஊசி கீது பாரு. அது பாதிக்கு வர்றதுக்குள்ள காத்து போற கீழ் கதவ ஒரு வெரல் அளவு உட்டு மூடிடு. பீங்கான் ஓடு சூடேறிச்சின்னா லேசுல எறங்காது.”

தலையாட்டிவிட்டுக் கறியை வைத்தேன். அவர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார். ஒரே ஒரு நிமிஷம் என்று நானும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தேன்.

கருகிய நாற்றத்தில்தான் விழித்தேன். ஊசி கடைசி எண்ணையும் தாண்டி நின்றது. கீழ்க் கதவு திறந்தபடியே இருந்தது. பதறிப்போய்ப் பக்கத்திலிருந்த குடத்துத் தண்ணீரைச் சொம்பில் மொண்டேன். என் அம்மா வீட்டில் கரி அடுப்பை அப்படித்தான் அணைப்போம்.

“ஊத்தாதமே! ஓடு ஒடஞ்சிடும்!”

அவ்வளவு பெரிய குரலை நான் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன. சொம்பைப் போட்டுவிட்டு மூடியின் மேல் துளையையும் கீழ்க் கதவையும் மூடினேன்.

கறி வெளியே எல்லாம் கறுப்பு. அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். கறிக்காக மட்டும் அழவில்லை. “வாய்விட்டுக் கேட்ட ஒரு துண்டுக் கறிய சுட்டுக் குடுக்க முடியலயே என்னால” என்று புலம்பினேன்.

அவர் கையை நீட்டினார். உள்ளே மெத்தென்று வெந்திருந்த கொழுப்புத் துண்டாகப் பார்த்துப் பிய்த்துக் கொடுத்தேன். ஓரத்தில் கொஞ்சம் கரி ஒட்டியிருந்தது. மெதுவாக மென்றார். ‘மண்ணு’ என்று சொல்லப்போகிறார், துப்பப்போகிறார் என்று தட்டை ஏந்தி நின்றேன். அவர் முகம் கோணியது.

“இன்னாமே இது, கசக்குது!”

தட்டை இறக்கிவிட்டு அவர் பக்கம் குனிந்தேன். “இன்னாய்யா சொன்ன? இன்னொரு தபா சொல்லு.”

“கசக்குதுன்றேன், காது கேக்கலியா? கருக்கி வெச்சிக்கீற” என்று திட்டிக்கொண்டே அடுத்த துண்டுக்குக் கை நீட்டினார்.