இடமிருந்து இரண்டாவது

எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்தில் அவளுக்குக் கையுறை என்று பெயர். கூப்பிடுவதும் அப்படித்தான். பழைய போட்டோவை யாராவது வெறுங்கையால் தொட்டால் அடிக்காத குறையாகத் தட்டிவிட்டு, வெள்ளைக் கையுறையை எடுத்து நீட்டுவாள். சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். வாழ்நாள் முழுக்க ஊராரை வாயைத் திறக்கச் சொல்லி அதட்டியவர், அவள் முன்னால் மட்டும் வாயை மூடிக்கொண்டு கையைக் கட்டி நிற்பார். செயலாளரான எனக்கு அதைப் பார்ப்பதில் ஒரு அற்ப சந்தோஷம்.

இந்த ஊருக்கு வந்தபோது அவளிடம் ஒரு பெட்டியும் இடுப்பில் ஒரு பெண் குழந்தையும்தான். கணவர் இறந்துவிட்டார் என்றாள். ஏதோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தாளாம். எந்த ஊரில் என்று கேட்டால், "அது ஒரு ஊருக்கா" என்பதோடு சரி. ஊரார் பூர்வீகத்தையெல்லாம் தோண்டித் துருவுவதே வேலையாக இருந்த எங்களுக்கு, பக்கத்து நாற்காலியில் இருந்தவளின் பூர்வீகம் தெரியாது. யாராவது கேமராவைத் தூக்கினால் போதும், அவளுக்கு உடனே பாத்ரூம் வந்துவிடும். கூச்ச சுபாவம் என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம்.

சங்கத்துப் படங்களை இணையத்தில் ஏற்றுவது என்று தீர்மானம் போட்டதும் மொத்தச் சுமையும் அவள் தலையில் விழுந்தது. நூலகத்து மாடியில் ஒரு அறை. மின்விசிறி போட்டால் படங்கள் பறக்கும் என்று வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்வாள். படத்துக்குக் கீழே வருஷம், இடம், பிறகு "இடமிருந்து வலமாக" என்று வரிசையாகப் பெயர்கள். அதற்கும் கீழே, "இவர்களைத் தெரியுமா? எங்களுக்கு எழுதுங்கள்" என்று ஒரு பெட்டி. எங்கெங்கோ இருந்தவர்கள் எழுதினார்கள். "மூன்றாவதாக நிற்பது என் மாமனார், போட்டிருக்கும் சட்டை இரவல்" என்று ஒரு மருமகள் எழுதியதைப் படித்துவிட்டு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கையுறையும் சிரித்தாள்.

மகளுக்கு அம்மை போட்டதால் அவள் லீவில் இருந்த சமயம். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இன்னமும் ஃபிலிம் கேமராவில் படம் எடுக்கிறவர். வெள்ளத்தின்போது எடுத்த ஃபிலிம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்த அன்று சங்கத்துக்காரர்களும் அக்கம்பக்கத்தவர்களும் வரிசையாக நின்று பெட்டிகளைக் கைமாற்றி மாடிக்கு ஏற்றினோம். அந்த அமளியில் கேமராவை யார் பார்த்தார்கள்? அவளும் பார்க்கவில்லை. பல் டாக்டருக்குக் கை சும்மா இருக்குமா? தானே ஸ்கேன் செய்தார். கண்ணாடிக் கடைக்காரர் வீட்டில் இருந்த பிரதியைப் பார்த்துப் போனில் பெயர்களைச் சொல்லச் சொல்ல, இவர் டைப் அடித்து ஏற்றிவிட்டார்.

அவள் லீவு முடிந்து வந்த அன்று கூட்டம். புதிதாக வந்திருந்த கருத்துகளை நான்தான் சத்தமாகப் படித்தேன். வெள்ளப் படத்துக்குக் கீழே யாரோ பெயர் போடாமல் எழுதியிருந்தார்கள். "இடமிருந்து இரண்டாவது நிற்பவரை எனக்கு நன்றாகத் தெரியும். மகாராணி சௌக்கியமா?"

எவ்வளவு அன்பாக எழுதியிருக்கிறார் பாருங்கள் என்று நிமிர்ந்தால், கையுறையின் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து மாடிக்கு ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். கதவைத் தாழ் போட்டுவிட்டு, தாழ் விழுந்திருக்கிறதா என்று மறுபடி இழுத்துப் பார்த்தாள்.

"அவன்தாங்க்கா" என்றாள். "அடிக்கிறதுக்கு முன்னாடி அப்படித்தான் கேப்பான். மகாராணி சௌக்கியமான்னு."

"யாரு?"

"என் வீட்டுக்காரன். சாகல. நான்தான் சாவுக்குப் பயந்து ஓடி வந்தேன். உங்களுக்குத் தெரிஞ்ச பேருகூட நானா வச்சுக்கிட்டதுதான்."

போலீஸுக்குப் போவோம் என்றேன். அப்போதே போனாளாம். குடும்பம்னா நாலும் இருக்கும் என்று புத்தி சொல்லி அவனோடேயே அனுப்பி வைத்தார்களாம். அன்று அவன் செய்ததை அவள் சொல்லவில்லை. காதுக்குப் பின்னால் முடியை விலக்கிக் காட்டினாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

முதல் வேலையாகப் படத்தை எடுத்துவிடலாம் என்று கணினியைத் திறந்தோம். படத்தைப் பார்த்ததும் அவள் புருவத்தைச் சுருக்கினாள். "அக்கா, நான் வலது கோடிப் பக்கமில்ல நின்னேன்? டாக்டர் ஃபிலிமை மாத்தி வச்சிட்டாரு. பளபளன்னு இருக்கிற பக்கம் எது, மங்கலான பக்கம் எதுன்னு பாக்கல. கண்ணாடியில பாக்கிற மாதிரி எல்லாரும் இடம் வலமா மாறி நிக்கிறோம்." படத்தில் ஒரு எழுத்து இருந்திருந்தால்கூட அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆட்கள் திரும்பிவிட்டார்கள், பெயர்கள் திரும்பவில்லை. அவள் முகத்துக்கு நேரே வேறொருவர் பெயர் இருந்தது.

"உன் பேரே இல்லடி!" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "தேடட்டும். இந்தப் பேரை வச்சிக்கிட்டுத் தேடித் தேடிச் சாகட்டும்."

அவள் சிரிக்கவில்லை. "இது யாரு பேருக்கா?"

அது தையற்கடைக்காரியின் பெயர். பெயரோடு நிறுத்தாமல் "தையற்கடை உரிமையாளர்" என்று மரியாதையாக வேறு சேர்த்திருந்தார் டாக்டர். பஸ் நிலையத்துக்கு எதிரில் கடை. பெயர்ப் பலகையிலும் இணையத்திலும் போன் நம்பர். தனியாக இருக்கிற பெண்பிள்ளை.

"பேரை மாத்திக்கிட்டு நான் தையல் கடை வச்சிருக்கேன்னுதான் அவன் நெனச்சிருப்பான். அங்கதான் போவான். எனக்கு விழ வேண்டிய அடி அவங்களுக்கு விழும்க்கா, வாங்க."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நானாக இருந்தால் நேரே பெட்டியைக் கட்டியிருப்பேன். அவள் படத்தை அழித்துவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தையற்கடைக்கு ஓடினாள். வழியில் எதிரே வந்த ஒவ்வொரு ஆணின் முகத்தையும் பார்த்துக்கொண்டே ஓடினாள். அவளைப் பார்த்து நானும் பார்த்தேன். தினம் பார்க்கிற பால்காரர்கூட அன்று யாரோ மாதிரி தெரிந்தார்.

தையற்கடைக்காரி முழுசாக, சிரித்த முகமாக, கழுத்தில் அளவு டேப்போடு நின்றாள். எங்களைப் பார்த்ததும், "உனக்கு ஆயுசு நூறு! இன்னிக்குத்தான் உன்னப் பத்திப் பேசிட்டிருந்தேன்" என்றாள் கையுறையிடம்.

"யார்கிட்ட?"

"உங்க அண்ணன்கிட்டதான். காலையில போன் பண்ணாரு. எம் பேரச் சொல்லி, வெள்ளத்துப் படத்துல ரெண்டாவதா நிக்கிறது நீங்களான்னு கேட்டாரு. நான் போன்ல படத்தத் தொறந்து பாத்தேன். அட, படத்தையே திருப்பிப் போட்டிருக்காங்க! அது நான் இல்லீங்க, எங்க சங்கத்துல வேல பாக்குற கையுறைன்னு வெவரமா சொன்னேன். தங்கச்சிய எத்தன வருஷமாத் தேடுறாராம். பாவம், அழுதுட்டாரு. எனக்கும் அழுகை வந்துருச்சு."

கையுறை தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டாள். "வேற என்ன கேட்டாரு?"

"மருமவ எப்படி இருக்கான்னு கேட்டாரு. நல்லா படிக்குதுன்னேன். எந்தப் பள்ளிக்கூடம்னாரு. யூனிஃபார்ம் தைக்கிறவளுக்குத் தெரியாதா, சொன்னேன்." எங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவள் சிரிப்பு நின்றது. "ஏன், என்ன ஆச்சு? நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா?"

கையுறை அதற்குள் ரோட்டுக்கு ஓடியிருந்தாள். ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்வரை அவள் என் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடியில் என் விரல்கள் மரத்துப்போயின. குழந்தை இருக்க வேண்டும், குழந்தை இருக்க வேண்டும் என்பதைத் தவிர என் மனதில் வேறெதுவும் ஓடவில்லை.

குழந்தை இருந்தது. அலுவலக வாசலில் பையோடு நின்றிருந்தவள், அம்மாவைப் பார்த்ததும் குதித்து ஓடி வந்தாள். அம்மைத் தழும்பு மறையாத முகம் முழுக்கச் சிரிப்பு.

"அம்மா! அப்பா போன் பண்ணாரும்மா! டீச்சர் கூப்பிட்டுக் குடுத்தாங்க. அப்பா செத்துட்டாருன்னு நீ சொன்னியே, சாகலியாம்! என்னைப் பாக்க வந்துட்டே இருக்காராம். நான் வாசல்ல நிக்கிறேன்னு சொல்லிட்டேன்."

இவ்வளவு நேரம் அழாதவள் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் உடைந்துபோனாள். மண்டிபோட்டுக் குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே ரோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குக்கூடப் போகவில்லை. என் கைப்பையில் இருந்ததை அப்படியே அவள் கையில் திணித்து, நேரே பஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். அப்பா வர்றாரே, அப்பா வர்றாரே என்று குழந்தை வழியெல்லாம் கையை இழுத்து அழுதது.

"அக்கா, நாங்க எங்க போறோம்னா..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"சொல்லாத" என்றேன். "யாராவது வந்து அழுதா நானும் சொல்லிடுவேன்."

சொல்லிவிட்டு பஸ்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். குழந்தையின் அழுகை கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கதவு சாத்தும் சத்தம். பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. நிலையம் அடங்கும்வரை நான் திரும்பவே இல்லை.