தலைக்கு மேல் பரப்பிய தேயிலை

பெரியவளே, சின்னவளே, நம் லைன் வீட்டில் ஒரே ஒரு வருஷம் சீலிங் இருந்ததே, அதை ஏன் பிடுங்கினீர்கள் என்று போன வாரமும் கேட்டீர்கள். கறையான் அரித்துவிட்டது என்று இத்தனை காலம் சொல்லி வந்தேன். அது பொய்.

கோத்தகிரிக்குக் கீழே நாம் இருந்த லைன் என் அப்பா காலத்துக்கும் முந்தியது. ஒரே வரிசையில் பத்து வீடு, மேலே வெறும் தகரம். அடுப்பு அணைந்த கால் மணி நேரத்தில் சூடெல்லாம் தகரம் வழியாகப் போய்விடும். பனிக்காலத்தில் ஒரு தலைச்சுமை விறகு இரண்டு நாளைக்குக் காணாது. நாளெல்லாம் இலை பறித்துவிட்டு உங்கள் அம்மா விறகுக்கும் போவாள். சின்னவளுக்கு இழுப்பு. மூச்சு வாங்கும்போது விலா எலும்பை எண்ணலாம். அவள் படுக்க ஒரு கதகதப்பான அறை வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

தேயிலை விலை சரிந்துகொண்டிருந்த நேரத்தில் எஸ்டேட்டில் ஒரு திட்டம் வந்தது. லைன் வீடுகளுக்குச் சீலிங் பலகை அடித்து, பலகைக்கும் தகரத்துக்கும் நடுவில் கண்ணாடிப் பஞ்சு வைத்தால் சூடு நிற்கும், விறகும் மிச்சமாகும். முதலில் நம் மேல் லைன், அது சரியாக வந்தால் கீழ் லைன். நம் வீட்டுச் சுவரில் நீலப் பெயிண்டில் ‘மாதிரி வீடு’ என்று எழுதி, உங்களை முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். பத்து வீட்டுக்கும் பலகை அடித்தார்கள். பஞ்சு மட்டும் வரவில்லை.

ஆபீசில் போய்க் கேட்டேன். “டீ விக்கறதே பெரும்பாடா இருக்குது. உனக்குப் பஞ்சு மெத்தை கேக்குதாக்கும்?” என்றார் சூப்பர்வைசர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஃபேக்டரியில் நான் டிரையர் ஆள்; இலையின் ஈரத்தை எடுப்பது என் வேலை. சலித்து ஒதுக்கிய தேயிலை நார், வாங்க ஆளில்லாமல் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. தொட்டால் பஞ்சு மாதிரியே இருக்கும். எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். “இடம் காலியானாச் சரி” என்றார் அதே சூப்பர்வைசர். நான்கு மூட்டையை நம் பலகை மேல் பரப்பினேன்.

அந்தப் பனிக்காலம் விறகு பாதியாகக் குறைந்தது. சின்னவள் இழுப்பில்லாமல் தூங்கினாள். “ஏனுங்க, ரெண்டாவது கம்பளிய மடிச்சு வெச்சுட்டேன், பாத்தீங்களா?” என்று உங்கள் அம்மா சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற ஒன்பது வீட்டுக்கும் நானே மூட்டை தூக்கினேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரே கேலி. “இனி டீத்தூள் வாங்க வேண்டாந் தம்பி. சொம்புல சுடுதண்ணி வெச்சுட்டு மேல பாத்தாப் போதும்.”

அடுத்த ஐப்பசியில் மூன்று வாரம் மழை விடவில்லை. மேகம் வாசலிலேயே நின்றது. தகரம் உள்பக்கம் வியர்த்தது. டப்பாவைத் திறந்து வைத்தால் தேயிலை ஈரம் குடித்துப் பதத்துப்போகும் என்று புது ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான். அதே தேயிலையை என் பிள்ளைகள் தலைக்கு மேல் பரப்பிவைத்தேன். பலகை தொப்பை போட்டுத் தொங்கியது. பழுப்புத் தண்ணீர் பாயில் சொட்டியது. மேலே பூசணம் பிடித்திருந்தது எங்கள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சின்னவளின் நெஞ்சுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு காலையில் அவள் உதடு நீலமாகிப் போனது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

“ஊட்டுக்குள்ள ஈரம், பூசணம் ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று டாக்டர் கேட்டார். உங்கள் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் பத்து வீட்டுச் சீலிங்கையும் பிடுங்கினோம். மேனேஜரை அழைத்துவந்த சூப்பர்வைசர், “பலகையில குத்தமில்லீங்க சார். இவனுங்கதான் குப்பைய அடைச்சுட்டானுங்க” என்றார். கீழ் லைனுக்குத் திட்டம் கிடையாது என்று அங்கேயே முடிவானது. பஞ்சு தராதது நீங்கள், நாரை எடுக்க விட்டதும் நீங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. வாயைத் திறந்தவனுக்கு வேலை நிற்கும் காலம் அது. அதோடு, அவர் சொன்னதில் பாதி உண்மை.

குழாயடியில் கீழ் லைன்காரி ஒருத்தி கேட்டாள்: “எங்களுக்குஞ் சேத்து நீங்களே குளிர் காஞ்சுட்டீங்களாண்ணா?”

சின்னவளே, இன்றும் உன் பையில் மருந்துப் பம்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழுப்புத் தண்ணீர்தான் ஞாபகம் வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நீயும் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். பெரியவள் பக்கத்து வீட்டில். லைனில் பாதிப் பேர் சந்தைக்குப் போயிருந்தார்கள். நான் தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியை எடுத்துவந்து, சுவரில் இருந்த நீல எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். கீழே உதிர்ந்ததைக் கூட்டி அள்ளி, அழுகிய நாரைக் கொட்டிய குழியிலேயே போட்டு, மண்ணைத் தள்ளி மூடினேன்.