தளர்ந்து தொங்க வேண்டிய கயிறு

துறைமுகத்தில் அவருக்குப் பெயர் ‘குண்டு மேடம்’. புதிதாக வருகிறவர்கள் ஆளைப் பார்த்ததும் திருதிருவென்று விழிப்பார்கள்; காற்றடித்தால் பறந்துவிடும் உடம்பு அவருக்கு. குண்டு என்பது அவர் பையில் கிடக்கும் தூக்குக்குண்டு. கப்பல் வடிவமைப்புப் பொறியாளரான அவர், ஒரு கப்பல் எவ்வளவு சாய்ந்தால் நிமிரும், எதைத் தாண்டினால் நிமிராது என்பதை அதை வைத்துத்தான் சொல்வார்.

கப்பலுக்குள் நீளமான கம்பியில் குண்டைத் தொங்கவிடுவார்கள். ஆட்டம் அடங்குவதற்காக அதைப் பழைய எண்ணெய் ஊற்றிய வாளிக்குள் இறக்குவார்கள். மேலே இரும்புப் பாளங்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்தினால் கப்பல் லேசாகச் சாயும். கம்பி எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பார்கள். அதிகம் விலகினால் ஆபத்து. அந்த நேரத்தில் கரையோடு கட்டிய கயிறுகள் தளர்ந்து தொங்க வேண்டும்; இறுகியிருந்தால் அவையே கப்பலைச் சாயவிடாமல் பிடித்துக்கொள்ளும். யாரும் நடமாடக் கூடாது. தும்மக்கூட மேடத்திடம் அனுமதி வாங்க வேண்டும் என்று ஊழியர்கள் கிண்டலடிப்பார்கள்.

ஆற்றைக் கடக்கும் பயணிகள் கப்பல் ஒன்றுக்குப் புதிதாக மேல்தளம் ஏற்றியிருந்தார்கள். தினமும் கீழே மூச்சுமுட்ட நின்று வேலைக்குப் போகும் கூட்டம் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. கப்பலின் சீஃப் என்ஜினியர் மேடத்தின் சொந்தத் தம்பி. அதற்காகவே கப்பல் முதலாளி மேடத்தைச் சோதனைக்குக் கூப்பிட்டார் என்பது பிறகுதான் புரிந்தது.

சோதனையில் கம்பி அசைந்ததே தெரியவில்லை. உடனிருந்தவர்கள் கை கொடுத்தார்கள். அவருக்கு உறுத்தியது. தலைமேல் ஒரு மாடியைச் சுமக்கும் கப்பல் முன்பைவிட விறைப்பாக நிற்பது எப்படி? படியேறி வெளியே வந்தார். பின்பக்கத்தில் ஒரு கயிறு வில்லின் நாணைப் போல இறுகியிருந்தது. கயிற்றை இழுத்துச் சுற்றும் வின்ச்சுக்குப் பக்கத்தில் தம்பி கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“காத்தா இருந்துச்சுக்கா. ஆடக் கூடாதேன்னு இழுத்துக் கட்டினேன்.”

“படிக்கிற காலத்துல எனக்கு வாளி பிடிச்சவன்டா நீ. கயிறு தொங்கணும்னு உனக்குத் தெரியாதா?”

தம்பி குரலைத் தாழ்த்தினான். மேல்தளத்துக்கு அனுமதி கிடைக்காவிட்டால் கப்பலைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தாராம். அத்தனை ஊழியர்களும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஆறுதானே, கடலா என்ன, என்றான்.

கயிற்றைத் தளர்த்தச் சொல்லி மறுபடி சோதித்தார். குண்டு வாளியின் பக்கத்தில் போய் இடித்தது. கரை நெருங்கும்போது முதலில் இறங்குவதற்காக எல்லோரும் ஒரே பக்கம் நெருக்குவதை அவர் தினமும் பார்க்கிறார். மேல்தளத்திலும் அப்படி நெருக்கினால் கப்பல் கவிழ்ந்துவிடும்.

சோதனைச் சான்றிதழில் கையெழுத்துப் போட மறுத்தார். முதலாளி கோபப்படவில்லை. காபி வரவழைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, வெளியூரிலிருந்து வேறொரு பொறியாளரை அழைத்துவந்தார். அவருடைய சோதனை பிரமாதமாக அமைந்தது; மேல்தளத்துக்கு அனுமதியும் கிடைத்தது. அன்றும் வின்ச் அருகில் நின்றது தம்பிதான்.

மேடம் துறைமுக ஆய்வாளரின் அறைக்குப் போனார்.

“ரெண்டு தடவை நல்லா வந்திருக்கு. நீங்க ரெண்டாவதா பண்ணினது மட்டும்தான் மோசம். உங்க கை தவறியிருக்கலாம் இல்லையா?” என்றார் ஆய்வாளர்.

கயிற்றை இழுத்துக் கட்டியிருந்தார்கள் என்று மேடம் சொன்னார். யார் கட்டியது என்று அவர் கேட்டார். தெரியாது என்று சொல்லியிருந்தால் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். கப்பல் மறுநாளே மேல்தளத்தில் ஆளை ஏற்றியிருக்கும்.

“சீஃப் என்ஜினியர். என் தம்பி.”

ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார். “யோசிச்சுச் சொல்லுங்க மேடம். அவர் லைசென்ஸ் போயிடும்.”

“யோசிச்சுட்டுத்தான் வந்தேன்.”

ஆய்வாளரே கயிற்றின் பக்கத்தில் நின்று மறுபடி சோதிக்க வைத்தார். அனுமதி ரத்தானது. மேல்தளத்தைத் துண்டு துண்டாக வெட்டி இறக்கினார்கள். கயிறு விஷயமே தனக்குத் தெரியாது என்று முதலாளி கையை விரித்துவிட்டார். தம்பியின் லைசென்ஸ் மட்டும் போனது. கப்பலை இரும்புக்குப் போடவும் இல்லை. அது பழையபடி ஒரே தளத்தோடு ஓடுகிறது.

தம்பி இப்போது ஒரு சந்துக்குள் தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கிறான். மேடம் ஒருமுறை போய்ப் பார்த்தார். செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கவில்லை.

“கப்பல் கவுந்திருந்தா, நீ சொன்னது சரின்னு ஊரே சொல்லியிருக்கும். இப்போ கவுந்தது நான் மட்டும்தான். நீ கிளம்புக்கா.”

அதன்பின் அவர் போகவில்லை.

வேலைக்குப் போக அவருக்கும் அந்தக் கப்பலை விட்டால் வேறு வழியில்லை. ஒரு சாயங்காலம் நெரிசலில் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் அலுத்துக்கொண்டார்கள். மேலே ஒரு மாடி போட்டிருந்தார்களாம். எவளோ ஒருத்தி வந்து கெடுத்துவிட்டாளாம்.

“கூடப் பொறந்த தம்பியையே மாட்டிவிட்டவளாம். சொத்துத் தகராறா இருக்கும்,” என்றான் இன்னொருவன்.

மேடம் திரும்பவில்லை. கரை நெருங்கியது. கூட்டம் மொத்தமும் இறங்கும் பக்கத்துக்கு நெருக்கியடித்து நகர்ந்தது. கப்பல் லேசாகச் சாய்ந்தது. அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

நிமிர்ந்தது. கூட்டத்தோடு அவரும் இறங்கினார்.